தோலுக்கு வந்தவரிடம் ரத்தப் பரிசோதனை கேட்பது ஏன்?

தோல் மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர், ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தோடுதான் வந்து உட்காருகிறார்கள். நான் ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் பரிசோதனை எழுதத் தொடங்கினால் முகம் மாறிவிடுகிறது. "பிரச்சினை தோலில்தானே டாக்டர்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவசரத்தில் சொல்லி முடிக்க முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கழுத்துக் கருமை. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணிபோல் இருக்கும். அழுக்கு என்று நினைத்து நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அது அழுக்கே அல்ல. இன்சுலின் சொல்வதை உடல் சரிவரக் கேட்காதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்துபோன அந்த இன்சுலின் தோல் செல்களின் வளர்ச்சியைத் தூண்டிவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கழுத்து இதைக் காட்டிவிடலாம். எடை குறைந்து இன்சுலின் இறங்கினால் கருமையும் மெல்ல மங்கும். ஆனால் இதே கருமை, நடுவயதைத் தாண்டிய, மெலிந்துகொண்டே வரும் ஒருவருக்குச் சில மாதங்களில் வேகமாகப் பரவினால், கூடவே உள்ளங்கைத் தோலும் தடித்துச் சொரசொரப்பானால், கதை வேறு. வயிற்றுக்குள், முக்கியமாக இரைப்பையில், புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அரிதுதான், ஆனாலும் தவறவிடக் கூடாது.

அடுத்தது சொரியாசிஸ். செதில் செதிலாக உதிரும் இந்த நோயைத் தோலோடு நின்றுவிடுவதாகவே நெடுங்காலம் கருதிவந்தோம். அந்த எண்ணத்தை அசைத்த ஆய்வுகளில் ஒன்று 2006இல் வெளிவந்தது. பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் பதிவுசெய்து வைத்திருந்த விவரங்களிலிருந்து சுமார் 1,30,000 சொரியாசிஸ் நோயாளிகளை எடுத்து, அந்த நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். புகைப்பழக்கம், உடல் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் மாரடைப்பு வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. கடுமையான சொரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு அது சுமார் 3 மடங்கு. வயது ஏற ஏற இந்த இடைவெளி சுருங்கியது. 30 வயதில் மாரடைப்பே அபூர்வம் என்பதால், மூன்று மடங்கு என்றாலும் அது சிறிய எண்ணிக்கைதான். யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இளம் வயது நோயாளிக்கும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்க்கிறேன் என்றால் காரணம் இதுதான். தோலில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி ரத்தக்குழாய்களையும் பாதிக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தோலைக் குணப்படுத்தும் ஊசிகள் இதயத்தையும் காக்குமா என்பது மட்டும் இன்னும் தீர்ந்த விஷயம் அல்ல. சொரியாசிஸ் மூட்டுகளையும் தாக்கலாம். அதனால் நகத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் தெரிந்தாலோ, காலையில் விரல் மூட்டுகள் இறுகிக்கிடந்தாலோ கேட்காமலே சொல்லிவிடுங்கள். மூட்டு தேய்ந்து கோணிய பிறகு திருப்ப முடியாது.

படையோ தடிப்போ இல்லாமல் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று வருபவர்களுக்கு முதுகைத் திருப்பிப் பார்ப்பேன். கை எட்டும் இடமெல்லாம் நகக்கீறல் இருக்கும். எட்டாத நடு முதுகு மட்டும் சுத்தமாக இருக்கும். அப்படியென்றால் தோலில் நோய் இல்லை, சொறிந்ததால் வந்த காயம்தான். முதியவர்களுக்குப் பெரும்பாலும் வறண்ட தோல்தான் காரணம். எண்ணெய்ப்பசை தரும் களிம்பிலேயே அடங்கிவிடும். அடங்காமல் வாரக்கணக்கில் நீடித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குளித்தவுடன் அரிப்பு கூடினால் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம். இரவு வியர்வை, காய்ச்சல், எடை இழப்பு சேர்ந்தால் நிணநீர்க் கணுப் புற்றுநோயையும் நினைக்க வேண்டும்.

இன்னொன்று: மேலிமைகளில் ஊதா நிறம், விரல் கணுக்களின் மேல் சிவந்த தடிப்பு, மாடிப்படி ஏறத் தொடையில் வலுவின்மை. இவை மூன்றும் சேர்ந்தால் அது தசையையும் தாக்கும் டெர்மடோமயோசிடிஸாக இருக்கலாம். சுவீடன், டென்மார்க், பின்லாந்து நோயாளிகளை வைத்து 2001இல் வெளிவந்த ஆய்வில், இந்த நோயுள்ள 618 பேரில் 198 பேருக்கு முன்போ பின்போ புற்றுநோய் இருந்தது. ஆகவே பெரியவர்களிடம் இதைக் கண்டால் உடல் முழுவதையும் பரிசோதிக்காமல் விடுவதில்லை.

படர்தாமரை வந்தவருக்கெல்லாம் ஸ்கேன் தேவை என்று இதற்கு அர்த்தம் இல்லை. தோல் நோய்களில் பெரும்பாலானவை தோலோடு முடிந்துபோகின்றன. எது எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாக மாறியது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அந்தத் தடயத்தையே அழித்துவிடுகின்றன. எதையும் பூசுவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பூசியிருந்தால் அந்தக் குழாயையும் எடுத்து வாருங்கள்.