ஒரு லிட்டர் பொட்டலத்தை டம்ளரில் கரைக்காதீர்கள்

"புள்ள இத்துனூண்டுதானே குடிக்குது, எதுக்கு ஒரு லிட்டர் தண்ணி?" என்று, பேதிக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) பொட்டலம் முழுவதையும் 200 மில்லி டம்ளரில் கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். பேதி இன்னும் கூடுகிறது. பழி மருந்தின் மேல் விழுகிறது.

சிறுகுடலில் தண்ணீருக்கென்று தனிப் பம்பு கிடையாது. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும், அவ்வளவுதான். நாம் குடிப்பது, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 8 முதல் 9 லிட்டர் சிறுகுடலுக்குள் வருகிறது. பெரும்பகுதி அங்கேயே இரத்தத்துக்குத் திரும்பிவிடும். மிச்சத்தைப் பெருங்குடல் வாங்கிக்கொள்ள, மலத்தோடு போவது 100 முதல் 200 மில்லிதான்.

தண்ணீர் இப்படி இரத்தத்துக்குத் திரும்புவது எப்படி? குடல் செல்லின் பின்பக்கம், இரத்தக் குழாயை ஒட்டி, சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளும் பம்பு இருக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் குறைந்துகொண்டே இருக்கும். முன்பக்கத்தில், உணவு ஓடும் பக்கத்தில், எஸ்.ஜி.எல்.டி.1 என்ற வாசல். 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும். அவை கடந்ததும் தண்ணீர் பின்னாலேயே வந்துவிடும்.

காலராக் கிருமியின் நச்சு, குடல் செல்லில் உப்பின் இன்னொரு பாகமான குளோரைடு வெளியேறும் வாசலைத் திறந்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் கூடவே கொட்டுகின்றன. ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1 வாசலை அந்த நச்சு தொடுவதில்லை. 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த நீரை வாய்வழி கொடுத்தே சாவுகளைப் பெருமளவு குறைத்தது இந்த வாசலை நம்பித்தான்.

2002-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய அளவில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், 75 மில்லிமோல் குளுக்கோஸ். மற்ற உப்புகளும் சேர்ந்து, கரைந்திருப்பவற்றின் மொத்த அடர்த்தி லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். இரத்தத்தின் அடர்த்தி சுமார் 290. கரைசல் இரத்தத்தைவிட நீர்த்திருப்பதால் தண்ணீர் இன்னும் எளிதாக உள்ளே போகிறது. அதே பொட்டலத்தை டம்ளரில் கரைத்தால் அடர்த்தி 1225! இப்போது இரத்தத்திலிருந்து தண்ணீர் குடலுக்குள் இறங்கும். இரத்தத்தில் சோடியம் எகிறி வலிப்புகூட வரலாம். ருசிக்காகச் சர்க்கரை சேர்ப்பதும், ஜூஸில் கலப்பதும் இதே தப்பைத்தான் செய்கின்றன. குளிர்பானத்தில் சர்க்கரை மிக அதிகம், சோடியம் பேருக்குத்தான். இனிப்புப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் உத்தரவிட்டதும் இதனால்தான். மருந்துக்கடையில் வாங்கும்போது என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பொட்டலத்தில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ, கொதித்து ஆறிய தண்ணீர் சரியாக அவ்வளவு. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது. டம்ளருக்கு அதுதான் சரி. கரைத்த பின் கொதிக்க வைக்காதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை பேதி போனதும், 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள்.

வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் மறைகிறது, கண் குழிந்திருக்கிறது, குடிக்கக்கூட முடியாமல் பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால் ஸ்பூனோடு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.