அந்தப் படத்தில் ஒருவர் கையிலும் பை இல்லை

போன வாரம் இன்னொரு புதுச் சந்தைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். திரையில் படம் விழுந்தது. அலையலையாகக் கூரை, கண்ணாடிச் சுவர், வாசலில் நீரூற்று. அரங்கமே கைதட்டியது. சந்தைக் கட்டடங்களுக்குப் பிளான் போடுவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. கைதட்டல் ஓயும்வரை படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தொழில் கொடுத்த கெட்ட பழக்கம். மொத்தம் 46 பேர். பலூன் வைத்திருக்கும் குழந்தை உண்டு, சைக்கிள் தள்ளும் இளைஞர் உண்டு, நாய்க்குட்டிகூட உண்டு. ஒருவர் கையிலும் பை இல்லை.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். இடிக்கப்போகும் பழைய சந்தையில் கீரை விற்பவர். "தம்பி, இதுல என் இடம் எது?" என்றார். மேடையில் இருந்தவர் படத்தைப் பெரிதாக்கினார். நீரூற்றுதான் பெரிதாகத் தெரிந்தது. "எல்லாருக்கும் இடம் இருக்கும்மா" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

இதே காட்சியை எத்தனை ஊரில் பார்த்தாயிற்று! அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபமாகவே.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தப் படம் வடிவமைப்பு அல்ல. திரும்பவும் சொல்கிறேன், அல்ல. பல திட்டங்களில் பிளான் முடிவாவதற்கு முன்பே, சைட்டை மிதித்தே பார்க்காத ஒருவர் கணினியில் செய்துகொடுக்கும் பொருள் அது. அதில் எப்போதும் மதியத்துக்குச் சற்று முந்திய இளவெயில். நட்ட அன்றே மரமெல்லாம் இருபது வயது மரமாக நிற்கும். லாரி இருக்காது, சாக்கு மூட்டை இருக்காது, அழுகல் இருக்காது, தலையில் கூடை சுமக்கும் ஆள் இருக்கமாட்டார். தரை காய்ந்து பளபளவென்று இருக்கும். மீன் பகுதியும் அப்படியே. சந்தையை எதெல்லாம் சந்தையாக்குகிறதோ, அதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் அந்தப் படத்தை எடுக்கிறார்கள். "கூரை இன்னும் கொஞ்சம் பாரம்பரியமா இருக்கலாமே", "நிறம் மாத்துங்க" என்று மக்கள் சொல்லும் கருத்துகள் எல்லாம் படத்தைப் பற்றியவை. கூட்டம் முடிந்ததும் 'பொதுமக்கள் வடிவமைப்பை வரவேற்றனர்' என்று கோப்பில் ஏறிவிடும். வடிவமைப்பைத்தான் யாரும் பார்க்கவே இல்லையே!

பகலில் நடக்கும் அங்காடியை நாளங்காடி என்றும் இரவு அங்காடியை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொன்னவர்கள் நம் முன்னோர். இன்றைய படங்களில் இருப்பது நாளங்காடி மட்டும்தான். மொத்தச் சரக்கு இறங்கும் சந்தைக்கு விடியற்காலை மூன்று மணிதான் உச்சி வேளை. அந்த நேரத்தில் லாரி எந்தப் பக்கம் நுழையும், எங்கே திரும்பும், பின்பக்கமாகவே வெளியேற வேண்டியிருக்குமா, இறக்கிய மூட்டை எத்தனை படி ஏறும்? பிளான் என்றால் இதுதான். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்று போட்டு, அதன் வழியாகவே சரக்கு வண்டியும் போகட்டும் என்று எழுதிவிடுகிறார்கள். நிறைமூட்டை வண்டியை அந்த ஏற்றத்தில் தினமும் நாற்பது தடவை தள்ளிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

கடை அளவு விஷயத்தில் நடப்பது இன்னும் மோசம். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடை என்றால் பத்துக்குப் பத்து அறையும் ரோலிங் ஷட்டரும்தான். மேடையில் உட்கார்ந்து விற்பவருக்கு ஆழம் தேவையே இல்லை. முகப்பு அகலம்தான் வேண்டும். உட்கார்ந்தபடி கை எட்டுவது இரண்டு, இரண்டரை அடி. அதற்குப் பின்னால் இருக்கும் ஏழடியில் சரக்கை வைத்தால் வாங்குபவர் கண்ணில் படாது. அதனால் அவர் என்ன செய்வார்? சரக்கை ஷட்டருக்கு வெளியே நடைபாதையில் பரப்புவார். உடனே "ஆக்கிரமிப்பு" என்று அபராதம். அறைக்குள் அடைத்தவருக்கு அபராதம் போட்டதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

மாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தளம் கட்டினால் சந்தை இரண்டு மடங்காகாது. இரண்டு கையிலும் சுமையோடு வருபவர் தக்காளிக்காகப் படியேற மாட்டார். துணி, பாத்திரம், செருப்பு, தையல் என்றால் ஏறுவார். கீரையையும் மீனையும் மாடிக்கு அனுப்பினால் ஆறே மாதத்தில் அந்தக் கடைக்காரர்கள் தெருவோரத்துக்கு இறங்கிவிடுவார்கள், மாடி கிடங்காகிவிடும்.

தண்ணீர் வடிவதற்கான தரையின் வாட்டம் (சரிவு), நடைபாதை அகலம், விளக்கின் தன்மை எல்லாம் பொறியாளர்கள் அறிந்ததே, விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: கழுவிவிடும் பகுதியில் 80 அடிக்கு 1 அடியாவது வாட்டமும், கையால் தூக்கிக் கழுவக்கூடிய வடிகால் மூடிக் கிராதியும் இல்லாவிட்டால், திறப்பு விழாவுக்கு வந்த மாலை வாடுவதற்குள் நாற்றம் ஆரம்பித்துவிடும்.

இனி நகர மையத்துக்கு வருவோம். 'சந்தை வந்தால் ஊர் நடுவே உயிர் வந்துவிடும்' என்று சொல்லாத திட்ட அறிக்கை கிடையாது. உயிர் வந்துவிடுகிறது, சரி, யாருடைய உயிர்? பாரிஸ் நகர நடுவில் லே ஆல் சந்தை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் விக்தோர் பல்தார் இரும்பிலும் கண்ணாடியிலும் எழுப்பிய மண்டபங்கள். 1969இல் சந்தையை ஊருக்கு வெளியே ரன்ஜீஸுக்குக் கொண்டுபோனார்கள். 1971இல் மண்டபங்களை இடிக்கத் தொடங்கினார்கள். பிறகு பல வருடம் நகரத்தின் நடுவில் ஒரு மாபெரும் பள்ளம்தான் கிடந்தது. 1979இல் அங்கே நிலத்தடி வணிக வளாகம் திறந்தது. அதுவும் பிடிக்காமல் மறுபடி மாற்றி, 2016இல் மேலே புதுக் கூரை போட்டார்கள். லண்டன் கோவென்ட் கார்டனில் கதை நேர்மாறு. 1974இல் காய்கறிச் சந்தை நைன் எல்ம்ஸுக்குப் போனது, கட்டடத்தைப் பத்திரமாகக் காப்பாற்றி 1980இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முட்டைக்கோசு வாங்க யாரும் அங்கே போவதில்லை.

சியாட்டிலின் பைக் பிளேஸ் 1907இல் தொடங்கிய சந்தை. அதை இடித்துக் கட்ட வந்த திட்டத்தை விக்டர் ஸ்டைன்ப்ரூக் என்ற கட்டடக் கலைஞரும் ஊராரும் எதிர்த்தார்கள். 1971 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி வென்றார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் அந்த வெற்றியைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின் வந்த விதிகள். சுவரும் தூணும் மட்டுமல்ல, உள்ளே என்ன வியாபாரம் நடக்கலாம் என்பதும் அங்கே பாதுகாக்கப்பட்டது. நாள்வாடகை மேசைகளை இன்றும் காலையில் பெயர் கூப்பிட்டு மூப்புப்படி ஒதுக்குகிறார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலும் வடிவமைப்புதான் என்பேன். எந்தப் படத்திலும் அது வராது.

தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் படத்தில் வராது. டோக்கியோவின் ட்சுகிஜி மீன் சந்தையை 2016 நவம்பரில் டொயோசுவுக்கு மாற்றுவதாக இருந்தது. புது இடம் முன்பு எரிவாயு ஆலை இருந்த, நஞ்சேறிய மண். சுத்தமான மண் கொட்டி நிரப்பியிருப்பதாகச் சொன்னார்கள். முக்கியக் கட்டடங்களுக்கு அடியில் பார்த்தால் மண்ணே இல்லை, வெற்றிடம். ஆளுநர் கொய்கே மாற்றத்தை நிறுத்திவைத்தார். திறப்பு 2018 அக்டோபர் வரை தள்ளிப்போனது. பார்சிலோனாவின் சான்ட் அன்டோனி சந்தையில் 2009இல் வேலை ஆரம்பித்தது. தோண்டினால் பழைய கோட்டைச் சுவர், ரோமானியர் காலத்துச் சாலை. 2018 மே மாதம்தான் திறந்தார்கள். அந்த ஒன்பது வருடமும் கடைக்காரர்கள் பக்கத்திலேயே போட்ட தற்காலிகக் கூடாரத்தில் வியாபாரம் செய்தார்கள். வாடிக்கையாளர் நடந்துவரும் வழி மாறவில்லை, அதனால் சந்தை பிழைத்தது.

நம்மிடம் "பதினெட்டே மாதம்" என்று சொல்வார்கள். அதை இரண்டால் பெருக்கி, தற்காலிக இடம் எது என்று கேளுங்கள். ஊர்க்கோடியில் பொட்டல் காட்டைக் காட்டினால், புதுச் சந்தை திறக்கும்போது உள்ளே போகப் பாதிக் கடைக்காரர்கள்தான் மிஞ்சியிருப்பார்கள். தயவுசெய்து இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூரை கோணலாக இருந்தாலும் வியாபாரம் நடக்கும்.

கடைக்காரர்களுக்கு: இப்போது நீங்கள் உட்காரும் இடத்தை இன்றே அளந்து, கடை எண் தெரிகிற மாதிரி, தேதி வருகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். புது வாடகை என்ன, மின்சாரம், தண்ணீர், குப்பைக்குத் தனியாகக் கட்டணமா என்பது எழுத்தில் வராமல் காலி செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்ச்சொல் ஆளோடு மாற்றலாகிப் போய்விடும்.

வாங்குபவர்களுக்கு: டெண்டருக்குப் பிறகு போராடிப் பயனில்லை. ஒரு சுவரை நகர்த்த அப்போது ஆகும் செலவைச் சொல்லியே வாயை அடைத்துவிடுவார்கள். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கும் நாட்களுக்குள் போங்கள். படம் போட்டால், "தரைத்தள பிளானைப் போடுங்க" என்று சொல்லுங்கள். போடும்வரை உட்காராதீர்கள்.

இளைய கட்டடக் கலைஞர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ஒரு நாள், ஒரே ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தைக்குப் போய் மூட்டை இறங்குவதை நின்று பாருங்கள். செருப்பு நனையும், பரவாயில்லை.

கூட்டம் முடிந்து அந்தக் கீரைக்கார அம்மாவோடு பழைய சந்தைக்குப் போனேன். டேப்பை ஒரு முனையில் அவர் பிடித்தார். முகப்பு ஐந்தடி, ஆழம் மூன்றடி. பின்னால் கை எட்டும் தூரத்தில் குழாய். ஈரச் சாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் கட்டுக்கட்டாகக் கீரை. அரை மணிக்கு ஒரு தடவை தெளிக்காவிட்டால் மதியத்துக்குள் துவண்டுவிடுமாம். எல்லாவற்றையும் கூட்ட நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

"புதுசுல குழாய் எங்க தம்பி?" என்றார்.

வாங்கி வந்த பிளானை மேடைமேல் விரித்துத் தேடினேன். இலைக் காய்கறிப் பகுதிக்கு மிக அருகில் காட்டியிருந்த தண்ணீர் இணைப்பு ஒன்றே ஒன்று. வாசலில் இருக்கும் நீரூற்றுக்கானது.