முள் தைத்த வலி இரண்டு தவணையாக வருவது ஏன்?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: வரப்பில் வெறுங்காலோடு நடக்கும்போது உடைமுள் தைத்தால் முதலில் சுருக்கென்று குத்துகிறது, காலைத் தூக்கிய பிறகு, சற்றுக் கழித்து அதே இடம் காந்துகிறது. தைத்தது ஒரே முள்தானே, வலி மட்டும் ஏன் இரண்டு முறை வருகிறது?

குளத்து விராலானாலும் தவளையானாலும் எருமையானாலும் மனிதரானாலும், முதுகெலும்புள்ள உயிர்களின் நரம்பு மண்டலம் அடிப்படையில் ஒரே அமைப்புடையது. மூளையும் தண்டுவடமும் மையம். உடலெங்கும் பரவுபவை புற நரம்புகள். மனிதருக்கு மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் பிரிகின்றன. பாதத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பு செல்லின் உடல், இடுப்பளவில் முதுகெலும்பை ஒட்டிய சிறு முடிச்சில் இருக்கிறது. அந்தச் செல்லிலிருந்து செய்தி கடத்த நீளும் ஆக்சான் என்னும் இழையோ கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள்கிறது.

அமைதியாக இருக்கும் ஆக்சானின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் வந்ததும் அதன் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறக்க, மின்னூட்டமுள்ள சோடியம் அணுக்களான அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த மாற்றம் அடுத்த வாயில்களைத் திறக்கிறது. ஆனால் வெற்று இழையில் மின்னோட்டம் வழியெல்லாம் கசிகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் மண் வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: கரை நெடுக நீர் ஊறிப்போய், கடைமடைக்கு ஓட்டம் மெலிந்துவிடும். இதைச் சமாளிக்க ஊசிக்கணவாய் தன் வாய்க்காலையே அகலமாக்கிக்கொண்டது. அதன் பெரிய ஆக்சான் அரை மில்லிமீட்டர் பருமனில் விநாடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கடத்துகிறது. அதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கே பருமனுள்ள தவளையின் ஆக்சானும் அதே வேகத்தை எட்டுகிறது என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைப்பது.

அந்த வேகத்தைத் தருவது மையலின் உறை. பத்தமடைப் பாயை ஒரு குச்சியின் மேல் இறுகச் சுருட்டுவதுபோல, ஷ்வான் செல் என்னும் துணைச் செல் தன் சவ்வை ஆக்சானைச் சுற்றிப் பல அடுக்குகளாகச் சுற்றிவிடுகிறது. கசிவு அநேகமாக நின்றுவிடுகிறது. ஆனால் உறை முழு நீளத்துக்கும் தொடர்வதில்லை. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாக, கரும்பின் கணுபோலச் சிறு இடைவெளிகள் உண்டு. 1870களில் இவற்றை விவரித்த பிரெஞ்சு அறிஞர் ரான்வியரின் பெயரால் இவை ரான்வியர் கணுக்கள் எனப்படுகின்றன. ஒரு கணுவின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். சோடியம் வாயில்கள் அங்கேதான் நெருக்கியடித்து நிற்கின்றன. உறைக்குள் விரைந்து வந்து சற்றே தளர்ந்த மின்மாற்றம், கணுவை அடைந்ததும் வாயில்களைத் திறந்து முழு வலிமையைத் திரும்பப் பெற்று அடுத்த கணுவுக்குப் போகிறது. அயனிகள் கணுக்களில் மட்டுமே பாய்வதால், அவற்றை மீண்டும் வெளியேற்றச் செலவாகும் ஆற்றலும் மிச்சம். மின்மாற்றம் இப்படிக் கணுவுக்குக் கணு தாவுவதை ஹக்ஸ்லி, ஸ்டாம்ப்ஃலி என்னும் உடலியல் அறிஞர்கள் 1949இல் தவளையின் ஒற்றை நரம்பிழையில் அளந்தே காட்டினார்கள்.

இனி முள்ளுக்கு வருவோம். சுருக்கென்ற வலி மெல்லிய உறையுள்ள இழைகளில் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் வருகிறது. மூளை அதை உணரும் முன்பே தண்டுவடம் காலை இழுத்துவிடுகிறது. காந்தல் வருவது உறையில்லாத இழைகளில்; அதன் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர், அதாவது வரப்பில் நாம் நடக்கும் வேகம். ஆகவே அது ஒரு விநாடி பிந்துகிறது.

சிறுவயதில் ஆற்றுப் படித்துறையில் ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். குதிகாலில் முள் முறிந்து, அந்த இடம் சீழ் கட்டியிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை; தொழுநோய் அவர் காலின் உணர்வைப் பறித்திருந்தது. முற்பிறவிப் பாவம் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். தொழுநோய்க் கிருமி குடியேறுவது இதே ஷ்வான் செல்களுக்குள்தான் என்பதும், 1873இலேயே நார்வே மருத்துவர் ஹான்சன் அக்கிருமியைக் கண்டறிந்துவிட்டார் என்பதும் அறிந்த பிறகு, அந்தச் சொல்லை என்னால் பொறுக்க முடிவதில்லை. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை தெரிந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்தை அங்கே இலவசமாகவே தருகிறார்கள்.