சிக்னல் இல்லாமலே கிரகணம் சொல்லும் போன்

மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சூரியன், சந்திரன் நகர்வைக் காட்டும் செயலி ஒன்று போனில் வைத்திருக்கிறேன். 2031 மே 21 அன்று எங்கள் ஊரில் கங்கண (வளைய) சூரிய கிரகணம் என்று காட்டி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் எல்லாவற்றையும் நொடி சுத்தமாகச் சொல்கிறது. இன்டர்நெட்டை அணைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் அதே நேரம்தான். எங்கிருந்து எடுக்கிறது? என் நண்பரின் போனில் உள்ள வேறொரு செயலி, வளையம் தொடங்குவதை இரண்டு நொடி தள்ளிக் காட்டுகிறதே, அது ஏன்?"

இரண்டுமே அருமையான கேள்விகள். முதலாவதிலிருந்து வருகிறேன்.

சூரிய உதயமும் அஸ்தமனமும் செயலிக்குச் சின்ன வேலை. சூரியனின் மையம் தொடுவானத்துக்கு 50 கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) கீழே இருக்கும் கணத்தையே உதயம் என்று வைத்திருக்கிறார்கள். காற்று ஒளியை வளைப்பதற்கு 34 கலை, சூரியத் தட்டின் ஆரத்துக்கு 16 கலை. இடமும் தேதியும் தெரிந்தால் கணக்கு முடிந்தது. சந்திர கிரகணமும் அப்படித்தான். பூமியின் நிழல் நிலவின் மேலேயே விழுவதால், அந்த நேரத்தில் நிலவைப் பார்க்க முடிகிற எல்லோருக்கும் அது ஒரே கணத்தில் நடக்கிறது. 2025 செப்டம்பர் 7 இரவு சென்னையில் முழு நிலவும் மறைந்த அதே நொடியில்தான் சிங்கப்பூரிலும் மறைந்தது. கடிகாரம் காட்டிய மணிதான் வேறு.

சூரிய கிரகணம்தான் ஊருக்கு ஊர் மாறும். 2019 டிசம்பர் 26 நினைவிருக்கும். கோவை, திண்டுக்கல், கரூர், திருச்சி, புதுக்கோட்டை என்று ஒரு பட்டையில் இருந்தவர்களுக்கு முழு வளையம். சென்னைக்காரர்களுக்குக் கடித்துவைத்த பிறை. உலகத்தில் எந்த மூலையில் நின்று கேட்டாலும் பதில் சொல்ல வேண்டுமென்றால், ஊர் ஊராகப் பட்டியல் போட்டுப் போனுக்குள் திணிக்க முடியாது. செயலியும் அப்படிச் செய்வதில்லை. ஒரு கிரகணத்துக்கு இருபத்துச் சொச்சம் எண்கள், அவ்வளவுதான் அதன் கையிருப்பு. மீதியை உங்கள் போனே கணக்குப் போட்டுக்கொள்கிறது.

அந்த இருபத்துச் சொச்சம் எண்களுக்குப் பெசல் கூறுகள் என்று பெயர். ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் பெசல் ஜெர்மானியர். பிரேமன் நகரத்தில் ஏற்றுமதி இறக்குமதி நிறுவனம் ஒன்றில் எழுத்தர் வேலை பழகிக்கொண்டே வானியலைத் தானாகக் கற்றவர், பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. 1838-இல் ஒரு விண்மீனின் தூரத்தை முதன்முதலாக நம்பத்தக்க வகையில் அளந்தவரும் அவர்தான். அவருடைய கிரகணக் கணக்கு 1820-களைச் சேர்ந்தது. இருநூறு ஆண்டுகளாகியும் இன்னும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. நான் படித்த கணித உத்திகளில் இதைப் போல என்னைச் சந்தோஷப்படுத்தியவை சிலவே.

நிலவின் கருநிழல், அதாவது சூரியன் முழுவதும் மறைந்துபோகும் இருண்ட பகுதி, ஒரு கூம்பு. அகன்ற பக்கம் நிலவில், நுனி பூமியை நோக்கி. கூம்பின் நீளம் சராசரியாக 3,74,000 கி.மீ. பக்கம் வரும்; நிலவின் சராசரித் தூரமோ 3,84,400 கி.மீ. நிலவு சில சமயம் கிட்டே வரும், சில சமயம் தள்ளிப்போகும். அதனால் நுனி சில கிரகணங்களில் பூமியைத் தொடுகிறது, சிலவற்றில் எட்டாமல் போகிறது. தொட்டால் முழு கிரகணம், எட்டாவிட்டால் கங்கணம்.

இந்தக் கூம்பு பூமியின் மேல் பதிக்கும் கறை படு சிக்கலான வடிவம். பூமி உருண்டை, அதிலும் துருவங்களில் தட்டை, போதாததற்குச் சுழல்கிறது. கறை ஓரிடத்தில் வட்டமாக இருக்கும், இன்னோரிடத்தில் நீளமாக இழுபடும், வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். பெசல் இந்தக் கறையைப் பின்தொடரவே இல்லை. பூமியை நடுவில் பிளந்து, உடைத்த தேங்காய் முறியின் முகம் போல, மையத்தின் வழியே ஒரு தட்டையான தளத்தைக் கற்பனை செய்தார். அந்தத் தளம் எப்போதும் நிழலின் அச்சுக்கு, அதாவது கூம்பின் நடுக்கோட்டுக்கு, செங்குத்தாகவே திரும்பிக்கொண்டிருக்கும். செங்குத்தாக வெட்டினால் கூம்பு எப்போதும் கச்சிதமான வட்டம்தானே! நீளவும் செய்யாது, நெளியவும் செய்யாது. அதோடு, அந்த வட்டம் தளத்தின் மேல் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே நகர்கிறது.

2024 ஏப்ரல் 8 அன்று மெக்சிகோ, அமெரிக்கா, கனடா வழியே போன முழு கிரகணத்தை எடுத்துக்கொள்வோம். நிழல் மையத்தின் கிழக்கு மேற்கு இருப்பிடத்தைச் சொல்லும் முதல் எண், குறித்த ஒரு தொடக்க நேரத்தில் மைனஸ் 0.318. அலகு, பூமியின் ஆரமான 6,378 கி.மீ. அடுத்த எண் 0.512: மணிக்கு அவ்வளவு ஆரம் கிழக்கே நகர்கிறது என்று பொருள். அதற்கடுத்த எண் 0.00003 அளவுதான். பாதை எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை அந்தப் பூச்சியங்களே சொல்லிவிடுகின்றன. வடக்கு தெற்குக்கு இதேபோல நான்கு எண்கள். நிழலின் அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்குச் சில எண்கள். கருநிழல், அதைச் சுற்றிச் சூரியன் ஓரளவு மட்டும் மறையும் புறநிழல் ஆகியவற்றின் ஆரங்களுக்குச் சில. இரண்டு கூம்புகளும் எவ்வளவு சரிந்திருக்கின்றன என்பதற்கு இரண்டு.

இப்போது ஜிபிஎஸ் உங்கள் இருப்பிடத்தைக் கொடுக்கிறது. இதற்குச் செயற்கைக்கோள் போதும், இன்டர்நெட் வேண்டாம். செயலி உங்களையும் அந்தத் தளத்தின் மேல் ஒரு புள்ளியாக இறக்குகிறது. பூமி சுழல்வதால் உங்கள் புள்ளி தளத்தில் ஒரு நீள்வட்ட வளைவில் நகரும். வட்டம் ஒரு பக்கம் நகர்கிறது, புள்ளி ஒரு பக்கம் நகர்கிறது. புள்ளி எப்போது வட்டத்துக்குள் நுழைகிறது, எப்போது வெளியேறுகிறது? புள்ளிக்கும் வட்ட மையத்துக்கும் உள்ள தூரத்தைப் பிதாகரஸ் தேற்றத்தால் கண்டுபிடித்து, அது ஆரத்துக்குச் சமமாகும் நேரத்தைத் தேடினால் முடிந்தது. வானமே தேவைப்பட்ட கணக்கு, ஒன்பதாம் வகுப்பு வடிவியலாகிவிட்டது.

இதில் ஒரு நுட்பம் பாக்கி. நீங்கள் உண்மையில் அந்தத் தளத்தில் இல்லை. தளத்துக்கு மேலே, நிலவுப் பக்கமாக, பூமியின் மேற்பரப்பில் நிற்கிறீர்கள். அங்கே கூம்பு இன்னும் கொஞ்சம் அகலம். எனவே ஆரத்தைத் திருத்த வேண்டும்: தளத்திலிருந்து உங்கள் உயரத்தைக் கூம்பின் சரிவான 0.0046-ஆல் பெருக்கிக் கழித்துவிடு. கருநிழல் ஆரத்துக்கு ஒரு குறியீட்டு வழக்கம் உண்டு. முழு கிரகணம் என்றால் அது மைனஸ், கங்கணம் என்றால் பிளஸ். 2024-இல் தளத்தில் அது மைனஸ் 0.0103, அதாவது சுமார் 66 கி.மீ. ஆரம். மெக்சிகோவில் சூரியன் உச்சிக்குக் கிட்ட இருந்த இடத்தில் திருத்தம் செய்தால் 93 கி.மீ. ஆகிறது. நிழல் சற்றுச் சாய்வாக விழுந்ததால் பாதையின் அகலம் 200 கி.மீ.யை நெருங்கியது.

இந்தத் திருத்தத்தின் அழகு 2023 ஏப்ரல் 20 அன்று வெளிப்பட்டது. அன்றைக்குக் கூம்பின் நுனி பூமியின் மேற்பரப்புக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் இருந்தது. பாதையின் இரு கோடிகளிலும், அதாவது சூரியன் தொடுவானத்தில் இருந்த இடங்களில், பார்வையாளர் ஏறக்குறைய தளத்திலேயே இருக்கிறார். ஆரம் பிளஸ், எனவே வளையம். நடுவில் பூமியின் புடைப்பு அவரை ஆறாயிரம் கி.மீ. நிலவுப் பக்கம் தூக்கிவிடுகிறது. ஆரம் மைனஸ், எனவே முழு கிரகணம். ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் ஊரில் கூடியிருந்தவர்கள் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முழு இருட்டைப் பார்த்தார்கள். கலப்பு கிரகணம் என்கிற இந்த அதிசயம் மொத்தமும் ஒரே ஒரு கழித்தல் குறிக்குள் அடங்கியிருக்கிறது.

வானியலாளர்கள் ஃபிரெட் எஸ்பனாக்கும் ஜான் மியூஸும் கி.மு. 2000 முதல் கி.பி. 3000 வரை நிகழும் சூரிய கிரகணங்களை இப்படிக் கணித்திருக்கிறார்கள். மொத்தம் 11,898. எல்லாவற்றின் கூறுகளையும் சேர்த்தாலும் இரண்டு மூன்று எம்பிதான் வரும், நீங்கள் எடுக்கும் ஒரு செல்ஃபி அளவு. உங்கள் போன் யாரையும் கேட்காமல் பதில் சொல்வது இதனால்தான்.

ஆனால் பூமி சீராகச் சுழல்வதில்லை. நிலவால் எழும் கடல் ஏற்ற இறக்கங்கள் அதற்கு மெல்ல மெல்லத் தடை போடுகின்றன. சீரான அணுக் கடிகாரக் காலத்துக்கும் பூமியின் சுழற்சிக் காலத்துக்கும் இன்றைக்கு உள்ள வேறுபாடு சுமார் 69 நொடி. நிலநடுக்கோட்டில் தரை நொடிக்கு 465 மீட்டர் ஓடுகிறது. எனவே இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பாதை முப்பது கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். பழைய காலத்துக்குப் போனால் வித்தியாசம் பிரம்மாண்டம். கி.மு. 136-இல் பாபிலோனில் முழு சூரிய கிரகணம் பார்த்ததாகக் களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பூமி இன்றைய வேகத்திலேயே சுழன்றிருந்தால் அந்த நிழல் பாபிலோனுக்கு 48 பாகைக்கு மேல் மேற்கே விழுந்திருக்க வேண்டும். பாபிலோன் எழுத்தரை நம்பித்தான் பூமி எவ்வளவு மெதுவாகியிருக்கிறது என்று அளக்கிறோம்.

சரி, அந்த எண்களுக்கு அடிப்படையான நிலவின் இருப்பிடம் எப்படித் தெரிந்தது? 1969-இல் அப்போலோ 11 நிலவில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தது. வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பி அனுப்பும் கருவி. அன்றிலிருந்து இன்றுவரை லேசரைப் பாய்ச்சி, ஒளி போய்வரும் நேரத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள். நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப்போவது அப்படித்தான் தெரியும். நம் சந்திரயான் 3-இன் விக்ரம் கலமும் அப்படியொரு சிறிய பிரதிபலிப்பானைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொடரும் இந்த அளவீட்டின் பலனை அமெரிக்காவின் ஜேபிஎல் ஆய்வகம் உலகத்துக்கே இலவசமாகக் கொடுக்கிறது. ராக்கெட் ஏவுதலுக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இப்படிப்பட்ட பொறுமையான வேலைக்குக் கிடைப்பதில்லை. கொடைக்கானலில் நூறாண்டுக்கு மேலாக எடுத்துச் சேர்த்த சூரியப் படங்களும் இதே ரகம். நிதி ஒதுக்குகிறவர்கள் "இந்த வருடம் என்ன புதிதாகக் கண்டுபிடித்தீர்கள்" என்று கேட்காமல், தொடர்ச்சிக்காகவே இவற்றுக்குப் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடுவில் பத்து வருடம் விட்டுப்போனால் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

எண்களைச் சுருக்கி வைத்துக்கொண்டு கிரகணம் கணிப்பது நம் ஊருக்கும் பழக்கமான வேலைதான். 1825-இல், முன்பு சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜான் வாரன் என்பவருக்குப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். தரையில் சோழிகள், மனப்பாடமாகச் சொற்களில் பொதிந்த வாய்பாடு, கையில் ஏடில்லை. தொடக்கத்தில் அவருக்கு வந்த பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. வாக்கியப் பஞ்சாங்க முறையில் நிலவின் இருப்பிடத்தைச் சொற்களில் பொதிந்து சொல்ல மட்டும் 248 வாக்கியங்கள், ஒரு நாளுக்கு ஒன்று. நிலவு பூமிக்கு மிக அருகில் வரும் புள்ளியிலிருந்து மறுபடி அதே புள்ளிக்கு ஒன்பது முறை வர ஏறத்தாழ சரியாக 248 நாள் ஆகிறது; அதன் பிறகு முதல் வாக்கியத்திலிருந்து திரும்பத் தொடங்கலாம். என்ன ஒரு கூர்மையான கவனிப்பு! அந்தக் கணிதருக்கு நான் மனதார வணக்கம் சொல்வேன். ஆனால் அதே கிரகண நேரத்தைச் செயலியில் பார்த்து, கர்ப்பிணிப் பெண்ணை அறைக்குள் பூட்டிவைப்பதையும் சமைத்த சோற்றைக் கொட்டுவதையும் ஏற்க முடியாது. அந்த இருபத்துச் சொச்சம் எண்களில் இருப்பது நிழலின் இருப்பிடமும் அகலமும்தான். சோற்றையோ கருவையோ தொடும் எதுவும் அதில் இல்லை. உண்மையான ஆபத்து ஒன்றுதான்: வெறும் கண்ணால் சூரியனைப் பார்ப்பது. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கண்ணாடி இல்லாமல் யாரையும் பார்க்க விடாதீர்கள்.

கடைசியாக அந்த இரண்டு நொடி. நிலவின் ஆரத்துக்குச் செயலிகள் இரண்டு மதிப்புகளில் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. பூமியின் ஆரத்தில் 0.2725076 பங்கு என்பது மேடு பள்ளங்களைச் சராசரியாக எடுத்துக்கொண்ட மதிப்பு. 0.272281 என்பது விளிம்பிலுள்ள ஆழமான பள்ளத்தாக்குகளின் அடியை வைத்துக்கொண்ட மதிப்பு. வித்தியாசம் ஒன்றரை கி.மீ.கூட இல்லை. ஆனால் நிழல் தரையில் நொடிக்கு ஒரு கி.மீ.க்கும் குறைவாகவே நகர்வதால், வளையம் தொடங்கும் நேரத்தில் இரண்டு மூன்று நொடி வித்தியாசம் வந்துவிடும். நல்ல செயலிகள் இந்தச் சண்டையையே தவிர்க்கின்றன. ஜப்பானின் காகுயா, நாசாவின் எல்ஆர்ஓ ஆகிய விண்கலங்கள் அளந்த நிலவின் மலைகளை வைத்து, அன்றைக்கு உங்கள் ஊரிலிருந்து எந்த விளிம்பு தெரியுமோ அதையே வரைந்து நேரத்தைக் கணிக்கின்றன. உங்கள் செயலியின் அமைப்புகளில் நிலவு விளிம்புத் திருத்தம் என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். இரண்டு போனிலும் இருந்தால் அதை இயக்கிவிட்டு, உயரத்தையும் ஒரே மாதிரி கொடுத்து, மறுபடி ஒப்பிட்டுப் பார்த்து எழுதுங்கள்.