குடல் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சா? தயவுசெஞ்சு பத்தியம் இருக்காதீங்க

போன தை மாசம், அறுவடை மும்முரத்துல, மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு அண்ணன் வந்தாரு. க்ரோன்ஸ் நோய், அதாவது குடல்ல புண்ணும் வீக்கமும் விட்டு விட்டு வர்ற நாள்பட்ட நோய், சிறுகுடல் பெருங்குடலோட சேர்ற எடத்துல சுருங்கிப்போச்சு, ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லி மூணு வாரம் முன்னாடி அனுப்பியிருந்தேன். திரும்பி வந்தப்ப எடை 50லேர்ந்து 44. என்னம்மா ஆச்சுன்னு கேட்டா அவரு சம்சாரம் சொல்றாங்க, "குடலு சுத்தமா இருக்கணும்ல சார், அதான் வெறும் கஞ்சித்தண்ணி, நடுவுல வாழைத்தண்டு கூட்டு, வேற ஒண்ணும் குடுக்கல".

அவங்களை குத்தம் சொல்லி என்ன, வீட்டுல என்ன சாப்பிடணும்னு நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே. வாழைத்தண்டு வேற யாருக்காவது நல்லதா இருக்கலாம், சுருங்கின குடலுக்குள்ள அந்த நார் போயி பந்து மாதிரி அடைச்சுக்கும். ஆபரேஷன்ல கெட்ட பகுதிய வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் தைக்கிறோம், அந்த தையல் கூடி ஒட்டுறது ஒடம்புல உள்ள சத்தை வச்சுதான், இல்லன்னா தையல் விட்டு மலம் வயித்துக்குள்ள கசிஞ்சிரும். இதைச் சொன்னதும் அந்த அண்ணனே, "அப்ப காஞ்ச தரையில நாத்து நட்ட கதைங்குறீங்க"ன்னாரு. அதேதான்.

ஆறு மாசத்துல எடை பத்து சதவீதத்துக்கு மேல கொறஞ்சிருந்தாலோ ரத்தத்துல ஆல்புமின்ங்குற புரோட்டீன் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்கு கீழ இருந்தாலோ, அவசரம் இல்லாத ஆபரேஷனை தள்ளிப்போட்டு மொதல்ல ஆளைத் தேத்துறதுதான் சரி. இவருக்கு ஒரு நாளைக்கு 55லேர்ந்து 65 கிராம் புரோட்டீன் வேணும், ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, கஞ்சிய குடிச்சு எங்க எட்டுறது. அவிச்ச முட்டை, முள்ளு எடுத்த மீன், தயிர், கொழைய வடிச்ச சோறு, மேல புரோட்டீன் பானம்னு எழுதிக்குடுத்தோம். ரொம்ப நாள் பட்டினி கெடந்தவங்களுக்கு ஒரேயடியா கொட்டக் கூடாது, ரத்தத்துல பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிஞ்சு உசுருக்கே ஆபத்தாயிரும், அதனால கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி டெஸ்ட் பாத்துக்கிட்டே போனோம். (குடல் முழுசா அடைச்சு வாந்தி நிக்காம வந்தா இந்த கதையெல்லாம் கெடையாது, அன்னிக்கே அட்மிஷன்.)

ப்ரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை தினம் 20 மில்லிகிராமுக்கு மேல பல வாரமா ஓடுனா புண் லேசுல ஆறாது, சீழ் வைக்கலாம், அதனால முடிஞ்சவரைக்கும் கொறைச்சுட்டுதான் கத்தி வைக்கிறோம். ஆனா நீங்களா நிறுத்திராதீங்க, பிரஷர் எறங்கி மயங்கி விழுந்து வந்தவங்கள பாத்திருக்கேன். ரத்தம் கொறைவா இருந்தா, நோய் கொதிச்சிட்டு இருக்கறப்ப இரும்பு மாத்திரை சரியா ஏறாது, இரும்பை டிரிப்ல போடுறதுதான் உருப்படியான வழி. பீடி சிகரெட்டை நாலு வாரம் முன்னாடியாச்சும் விடணும், க்ரோன்ஸ்காரங்களுக்கு அதுக்கப்புறமும் வேண்டவே வேண்டாம், விடலன்னா நோய் அதே தையல் பக்கத்துல திரும்ப வர்ற வாய்ப்பு சாஸ்தி.

இன்னொண்ணு, பை. குடலை வயித்துக்கு வெளிய தொறந்து வச்சு, மலம் வந்து சேர அது மேல ஒட்டுற பை. "வயித்துல பை வைக்க வேண்டி வரலாம்"னு சொன்னாலே பாதி பேரு எந்திரிச்சு போயிடுறாங்க. வச்சாலும் வைக்காட்டியும் எடத்தை முன்னாடியே மார்க் பண்ணிக்கணும், ஆளு டேபிள்ல மயக்கத்துல படுத்திருக்கறப்ப பண்ணுனா அது குருட்டாம்போக்கு. எங்க சிஸ்டர் அண்ணனை வேட்டி கட்டச் சொன்னாங்க, முடிச்சு விழுற எடத்தைப் பாத்தாங்க, சம்மணம் போட்டு உக்காரச் சொன்னாங்க, அப்புறம் களை பறிக்கிற மாதிரி குனியச் சொன்னாங்க, குனிஞ்சதும் தொப்புளுக்கு கீழ ஒரு மடிப்பு விழுந்துச்சு, அதுக்கு ரெண்டு விரக்கடை மேல தள்ளி மார்க்கர்ல ஒரு வட்டம். பொம்பளைங்களா இருந்தா பாவாடை நாடா எங்க இறுக்குதுன்னு பாக்கணும். மடிப்புலயோ நாடா மேலயோ பை வந்துச்சுன்னா ஒட்டாது, கசியும், தோலு வெந்துபோயிரும். அவரு கண்ணுக்கு அந்த எடம் தெரியணும், இல்லன்னா பை இருக்குற வரைக்கும் அதை மாத்த ஒருத்தரை நம்பி இருக்கணும்.

அஞ்சு வாரத்துல 48 கிலோவுக்கு வந்தாரு, ஆபரேஷன் பண்ணுனோம். பை தேவைப்படல, குடலை அங்கேயே இணைச்சுட்டோம். இந்த நோய்ல கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டுற பயம் சாஸ்தி, அதனால ஹெப்பாரின் ஊசி போட்டு மறுநாளே நடக்க வச்சோம். நாலாம் நாள் ரவுண்ட்ஸ் போறேன், வயித்துல அந்த மார்க்கர் வட்டம் இன்னும் அழியாம இருக்கு, பக்கத்துல அவரு சம்சாரம் மெதுவா கேக்குறாங்க, "வாழைத்தண்டு எப்பலேர்ந்து சார் குடுக்கலாம்?"