அது நரம்பில்லை, நாளம்

"டொக்டர், மகளுக்குக் கழுத்துக்குள்ள நரம்பு மாறி ஓடுதாம். ஒப்பரேஷன் செய்தா வாய் கோணிடுமா?"

மூதூரிலிருந்து வந்த ஒரு தகப்பன் கிளினிக்கில் கேட்டது. மகளுக்குத் தைரொயிட் கட்டி. ஸ்கேன் அறிக்கையில் கழுத்து நாளம் பற்றி ஒரு வரி இருந்திருக்கிறது. யாரோ அதை வாசித்துப் பயங்காட்ட, சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த திகதியை விட்டுவிட்டு இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது குடும்பம் இது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் தோலுக்கடியில் நீலமாகத் தெரிவதெல்லாம் நரம்பு. சேலைன் ஏற்றுவதும் 'நரம்பில'. உண்மையில் நரம்பு மூளையின் கட்டளையைக் கொண்டுபோகும் வெள்ளை நூல். அதற்குள் இரத்தம் ஓடாது. கழுத்தில் அது வெட்டுப்பட்டால்தான் வாய் கோணுவதும் குரல் அடைப்பதும். நீலமாகத் தெரிவது நாளம், இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அது வேறு வழியில் ஓடுவது வருத்தமே இல்லை. மகாவலி கொட்டியாரக் குடாவிலும் விழுகிறது, வெருகலாறாகப் பிரிந்தும் போகிறது. எந்த வழியால் போனாலும் தண்ணீர் கடலுக்கு வந்துவிடுகிறதல்லவா? அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அதே நாளத்தோடுதான் ஓடி விளையாடி வளர்ந்தாள். அதற்கு மருந்து வேண்டாம், பரிகாரமும் வேண்டாம். ஒரே ஆளின் வலது கழுத்தும் இடது கழுத்தும்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

சரி, அப்படியென்றால் அறிக்கையில் ஏன் எழுதுகிறார்கள்? கத்தி பிடிக்கும் எங்களுக்காக.

கழுத்தின் முன்பக்கத்தில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் வழமையாக இரண்டு நாளங்கள் இறங்கும். இந்தப் பிள்ளைக்கு ஒன்றே ஒன்று, நட்டநடுவில். தைரொயிட்டை அடைய நாங்கள் தசைகளை விலக்குவதும் அதே நடுக்கோட்டில்தான். சத்திரசிகிச்சை நாளில் தோலை உயர்த்தியதும் பென்சில் மொத்தத்தில் அது அங்கே கிடந்தது, இயந்திரம் மூச்சுக் கொடுக்கும்போதெல்லாம் சற்றுப் புடைத்தபடி. மேலும் கீழும் நூலால் முடிச்சுப் போட்டு நடுவில் வெட்டினோம். எதிர்பார்த்துப் போனதால் ஒரு சொட்டு இரத்தம் வீணாகவில்லை. அவசரமாகத் தொண்டையில் துளையிட்டுச் சுவாசக்குழாய் வைக்கிற இராத்திரிகளில் இப்படி ஒரு நாளம் குறுக்கே வந்தால் நிலைமை வேறு.

இளம் டொக்டர்மாருக்கும் சொல்ல இருக்கிறது. தைரொயிட் சுரப்பியின் பக்கத்திலிருந்து புறப்படும் 'நடு நாளம்' (மேலே சொன்ன கழுத்து நாளம் அல்ல) சிலருக்கு இருக்காது, சிலருக்கு இரண்டு. கட்டையானது, சுவர் மெல்லியது, கழுத்தின் ஆழத்தில் இறங்கும் பெரிய உட்கழுத்து நாளத்தில் நேரே போய்ச் சேர்வது. சுரப்பியை வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். தைரொயிட் பணிகளுக்காக 1909 இல் நோபல் பரிசு பெற்ற சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் கோக்கர், அவசரப்படாமல் இரத்தம் சிந்தாமல் வெட்டுவதற்குப் பேர்போனவர். கழுத்து நாளம் திறந்துவிட்டால் கவ்வியைத் தேடாதீர்கள், முதலில் விரலால் அழுத்துங்கள். தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொல்லுங்கள். அந்த ஓட்டை இரத்தத்தை வெளியே விடுவதோடு நிற்காது, காற்றையும் உள்ளே இழுக்கும். அந்தக் காற்று இதயத்துக்குப் போனால் உயிர் போகலாம்.

கழுத்து நாளத்துக்குள் குழாய் போடும்போதும் அப்படித்தான். உட்கழுத்து நாளம் பெரும்பாலும் நாடிக்கு, அதாவது இதயத்திலிருந்து தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்க்கு, வெளிப்பக்கமாக இருக்கும்; சிலருக்கு நாடியின் மேலேயே படுத்திருக்கும். நோயாளியின் தலையை அதிகமாகத் திருப்பினால் இரண்டும் இன்னும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். ஸ்கேன் இயந்திரம் பக்கத்தில் இருக்கும்போது விரலை மட்டும் நம்பி ஏன் குத்துகிறீர்கள்?

அப்புறம், வீட்டில் இருப்பவர்களே. முன்பு எப்போதாவது இரத்தம் சுத்திகரிப்பதற்காகக் கழுத்தில் குழாய் போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்தப் பக்க நாளம் சுருங்கியோ அடைபட்டோ இருக்கலாம். பழைய ஸ்கேன் படத்தை அலுமாரியில் பூட்டிவிட்டு வராதீர்கள், கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள். அறிக்கையில் ஒரு வரி விளங்காவிட்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், வார்டுக்கே வந்து கேளுங்கள். தயவுசெய்து திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.