இன்சினரேட்டர்: எரிப்பானா, எரியூட்டியா, எரியுலையா?

குப்பையை எரிக்கும், இன்சினரேட்டர் என்று ஆங்கிலத்தில் வழங்கும் கருவிக்குத் தமிழில் ஒரே பெயர் இன்னும் நிலைபெறவில்லை. செய்தித்தாள்கள் எரிஉலை என்றும் எரியூட்டி என்றும் எழுதுகின்றன. விற்பனை அறிவிப்புகளில் எரிப்பான் வருகிறது. சொல்லின் பொருளை அப்படியே பெயர்க்க விரும்புவோர் சாம்பலாக்கி என்கின்றனர். ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கக்கூடியவை போல இவை தோன்றினாலும், கருவியின் உள்ளமைப்பை அறிந்து பார்த்தால், அவற்றுள் சில கருவியின் ஒரு பகுதியை மட்டுமே சுட்டுகின்றன என்பதும், சில வேறொரு கருவிக்கே உரியவை என்பதும் புலப்படும். ஆகவே, சொல்லின் வேரையும் கருவியின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்த பின்பு தமிழ்ப்பெயரைத் தீர்மானிப்பதே முறையாகும்.

இலத்தீனில் சினிஸ் என்றால் சாம்பல். வேற்றுமை ஏற்கும்போது அது சினெரிஸ் எனத் திரியும். அதன் முன் இன் என்னும் முன்னொட்டைச் சேர்த்து, இடைக்கால இலத்தீனில் இன்சினராரே என்ற வினையை ஆக்கினர். சாம்பலாகச் செய்தல் என்பது அதன் பொருள். அவ்வினை 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது; அதைச் செய்யும் கருவிக்குரிய பெயராக இன்சினரேட்டர் வழக்குக்கு வந்ததோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். எரிந்து கரிந்த துண்டைக் குறிக்கும் சிண்டர் என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரைச் சேர்ந்தது என்று பலர் எண்ணுவதுண்டு. ஆனால் அது ஜெர்மானிய வேரிலிருந்து வந்த வேறு சொல். சாம்பலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சாயலால் அதன் எழுத்து மட்டும் மாறியது.

இன்சினரேட்டர் என்ற சொல்லின் வேரில் நெருப்பு இல்லை என்பது கவனிக்கத்தக்கது. எரித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினை கிரெமாரே. அதிலிருந்து பிறந்த கிரெமடோரியம் என்ற சொல் இன்று பிணம் எரிக்கும் இடத்துக்கு உரியதாகிவிட்டது. இன்சினரேட்டரோ நெருப்பைப் பேசாமல், நெருப்பு விட்டுச்செல்வதைப் பேசுகிறது. பழைய வேதியியலில் இது பொருத்தமாகவே இருந்தது: செடிகொடிகளை எரித்து, சாம்பலைக் கரைத்து, அதிலிருந்து உப்பெடுத்தவர்களுக்குச் சாம்பலே விளைபொருள். குப்பையை எரிப்பவருக்கோ சாம்பல் எஞ்சிவிட்ட தொல்லை. அதைக் கொண்டுபோய்க் கொட்டவும் ஓரிடம் தேட வேண்டும்.

குப்பைக்கென்றே கட்டப்பட்ட உலைகள் முதலில் இந்தப் பெயரைப் பெறவும் இல்லை. ஆல்ஃபிரட் ஃபிரையர் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின்படி, 1874ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் மேன்லவ் அலியட் நிறுவனத்தார் கட்டிய உலைக்கு டிஸ்ட்ரக்டர், அதாவது அழிப்பான், என்பதே பெயர். அமெரிக்காவில் 1885இல் நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில் முதல் உலை எழுந்தது. அந்நாட்டில் பிணம் எரிக்கும் இடத்துக்குரிய பெயரையே குப்பை உலைக்கும் நெடுங்காலம் வழங்கினர். 1892இல் காலராவால் நிலைகுலைந்த ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1896இல் தன் உலையை இயக்கத் தொடங்கியது. அழிப்பான் என்ற பெயரில் ஒரு பெருமிதம் இருக்கிறது. உண்மை அதில் குறைவு. ஒரு டன் நகரக் குப்பையை எரித்தால் ஏறத்தாழ 5,000 கன மீட்டர் புகைவளி வெளிவருகிறது. குப்பையின் பருமன் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். எடையில் நான்கில் ஒரு பங்கு சாம்பலாகக் கிடக்கும். மீதியெல்லாம் காற்றோடு கலந்து புகைபோக்கி வழியே மேலே போகும். எதுவும் அழியவில்லை, இடமும் வடிவும் மாறியிருக்கின்றன.

வடிவமைப்பாளரின் கவலை முழுவதும் மேலே போகிற அந்த வளியைப் பற்றியதே. திறந்த வெளியில் குப்பைக்குத் தீ வைத்தால், வெப்பத்தில் சிதைந்து கிளம்பும் வளிகளில், அதாவது வாயுக்களில், ஒரு பகுதி சுடரைத் தொடாமலே ஓரமாக நழுவிப் புகையாகிவிடுகிறது. புகை என்பது பாதி எரிந்த எரிபொருள். அதைத் தப்பவிடாமல் பிடித்து முழுவதும் எரிப்பதற்காகவே இரண்டு அறைகள் கொண்ட உலை உருவானது. முதல் அறையில் காற்றைக் குறைவாக விட்டுக் குப்பையை அமைதியாகச் சிதையச் செய்கின்றனர். அங்கே காற்று வேகமாகப் பாய்ந்தால் தூசும் சாம்பலும் கிளம்பி வளியோடு கூடப் போய்விடும். அவ்வாறு எழும் எரியக்கூடிய வளி ஒரு குறுகிய கழுத்தின் வழியே இரண்டாம் அறைக்குள் நுழைகிறது. அந்தக் கழுத்தருகே மிகைக் காற்றைப் பீய்ச்சி, டீசலிலோ எரிவாயுவிலோ இயங்கும் எரிப்பானின் சுடரையும் சேர்த்து, வளியை எரித்து முடிக்கின்றனர்.

இரண்டாம் அறையின் அளவு தோராயமாக வைக்கப்படுவதில்லை. கடைசியாகக் காற்று கலந்த இடத்திலிருந்து கணக்கிட்டு, வளி குறைந்தது 2 விநாடியாவது 850 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தங்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. குளோரின் முதலிய உப்பீனிகளைக் கொண்ட கரிமப் பொருள்கள் 1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள இடர்மிகு கழிவாயின் வெப்பம் 1,100 பாகையாக உயர வேண்டும். வெப்பம், தங்கு நேரம், கொந்தளிப்பு ஆகிய மூன்றையும் பொறியாளர்கள் ஒருமூச்சில் சொல்வார்கள். இவற்றுள் எளிதில் ஏமாற்றுவது மூன்றாவது. அறை பெரிதாகவும் சூடாகவும் இருந்தும் வளியும் காற்றும் கலக்காமல் அருகருகே இரு பட்டைகளாக ஓடினால், 2 விநாடி தங்கியும் பயனில்லை. குறுகிய கழுத்தும், எதிரும் புதிருமாக வைத்த காற்றுத் துளைகளும் இதற்காகவே.

குப்பை போடும் கதவும் இதே கணக்கில் வருகிறது. ஒற்றைக் கதவைத் திறந்து கையால் அள்ளிப்போடும் சிறு உலையில், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குளிர்ந்த காற்று பாய்ந்து வெப்பம் விழுகிறது. அடுத்த நொடியே புதுக்குப்பை குபீரெனப் பற்றிக்கொண்டு, இரண்டாம் அறை தாங்காத அளவு வளியை அனுப்புகிறது. புகைபோக்கியில் கருமை தெரிவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஆகவே ஓரளவு பெரிய உலைகளில், ஒன்று மூடியபின் மற்றொன்று திறக்கும் இரட்டைக் கதவும், குப்பையைச் சிறு சிறு அளவாக உள்ளே தள்ளும் உந்தியும் வைக்கின்றனர். வெப்பம் உரிய அளவை எட்டும்வரை குப்பை உள்ளே நுழையாதபடி தானாகத் தடுக்கும் ஏற்பாடும் ஐரோப்பிய விதியில் கட்டாயம்.

நகரக் குப்பைக்கான பேருலைகளில் முதல் அறையின் இடத்தில் நகரும் கிராதி அமைகிறது. படிக்கட்டுப் போன்ற இரும்புக் கம்பித்தட்டுகள் முன்னும் பின்னும் அசைந்து குப்பையைப் புரட்டியபடி கீழ்நோக்கி நகர்த்த, மேற்படிகளில் அது உலர்ந்து, நடுவில் எரிந்து, அடியில் சாம்பலாக விழுகிறது. இடர்மிகு ஆலைக்கழிவுக்கு உருளை வடிவில் மெல்லச் சுழலும் சுழல் உலையும், ஒரே அளவாக நொறுக்கிய கழிவுக்கோ கசடுக்கோ மணல் கொதிப்பது போலப் பொங்கும் பாய்மப் படுகையும் ஏற்றவை. எந்த வகையாயினும் குப்பை தன் வெப்பத்திலேயே எரிய வேண்டுமானால், அதில் ஈரம் 50 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், சாம்பல் 60 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், எரியும் பொருள் 25 விழுக்காட்டுக்கு மேலாகவும் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாகக் கையாளப்படும் அளவுகோல். ஈரக் குப்பையைப் பிரிக்காமல் கொட்டினால், எரிப்பான்கள் எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

எரித்து முடித்த பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. புகைவளி ஏறத்தாழ 450 பாகையிலிருந்து 200 பாகை வரை ஆறும் இடைவெளியில், பறக்கும் சாம்பலில் உள்ள கரியும் குளோரினும் செம்பின் தூண்டுதலால் மீண்டும் கூடி டையாக்சின் என்னும் நச்சுப்பொருளை உருவாக்குகின்றன. உலைக்குள் சிதைத்த நஞ்சு குழாய்க்குள் மறுபிறவி எடுக்கிறது எனலாம். அந்த இடைவெளியை விரைந்து கடக்குமாறு வளியைக் குளிர்விப்பதும், சுண்ணாம்பும் செயலூட்டிய கரித்தூளும் தூவி அமிலத்தையும் நஞ்சையும் பிடிப்பதும், துணிப்பை வடிகட்டியில் தூசை நிறுத்துவதும் இதனால்தான். வெளிவரும் ஒரு கன மீட்டர் வளியில் டையாக்சின் 0.1 நானோகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. பெரிய ஆலையைப் பார்ப்பவர் கண்ணுக்கு உலையைவிட வளியைத் தூய்மையாக்கும் பகுதி பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

வீட்டுக் கருவிகளுக்கு வருவோம். இங்கே பெயரும் பொருளும் மிகவும் விலகி நிற்கின்றன. அடியில் துளையிட்ட இரும்புப் பீப்பாயையும், தோட்டத்து மூலையில் கற்காரையால் கட்டிய கூண்டையும் ஆங்கிலத்தில் தயங்காமல் இன்சினரேட்டர் என்று விற்றார்கள். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் அப்படியொன்று இருந்தது. நகரை மூடிய புகைமூட்டத்தில் அவற்றுக்கும் பங்குண்டு என்று கண்டு 1957இல் தடைசெய்தனர். பீப்பாயில் இரண்டாம் அறை இல்லை, தங்கு நேரம் இல்லை, வெப்பமும் போதவில்லை. குளோரின் கொண்ட பிவிசி நெகிழி கலந்த குப்பை அதில் மெல்லப் புகைந்து எரிவது டையாக்சின் உருவாவதற்கு மிக உகந்த சூழல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடத்திய எரிப்புச் சோதனைகளில், சில பத்து வீடுகளின் பீப்பாய்கள் வெளியிடும் டையாக்சின், நல்ல வடிகட்டிகள் கொண்ட ஒரு நகர உலை வெளியிடுவதற்கு ஈடாகலாம் என்று தெரியவந்தது. சிறிய அளவிலும் ஓரளவு முறையாகக் கட்ட முடியும் என்பதற்கு, பிரிட்டனின் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான, மருத்துவமனைக் கழிவுக்கான செங்கல் உலை சான்று. வடிகட்டி இல்லாவிட்டாலும் அதில் இரண்டு அறைகள் உண்டு.

இனித் தமிழ்ச் சொற்களை எடைபோடலாம். சாம்பலாக்கி வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கியது. ஆனால் சாம்பல் என்பது பெரும்பாலும் குப்பையில் முன்பே இருந்த, எரியவே இயலாத மண்ணும் உப்பும் கண்ணாடியும்தான். கருவி அதை ஆக்குவதில்லை, மிச்சம் விடுகிறது. இந்தப் பெயருக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லலாம்: அடிச்சாம்பலில் எரியாத கரிமம் 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், சாம்பல் உண்மையில் சாம்பலாயிற்றா என்பதும் உலைக்கு ஒரு தேர்வே. எழுத்துத் தெரிகிற காகிதத் துண்டு சாம்பலில் கிடந்தால் உலை தோற்றது என்று பொருள். இதே பொருளில் நீற்றுலை என்ற அழகிய சொல்லும் தோன்றக்கூடும். நீறு சாம்பல், நீற்றுதல் சாம்பலாக்குதல். எனினும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுப்பதற்கும், சித்த மருத்துவத்தில் பற்பம் செய்வதற்கும் உரியதாக நீற்றுதல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அங்கெல்லாம் நீறே விளைபொருள். அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

எரியூட்டி இரண்டு வகையில் இடறுகிறது. எரியூட்டுதல் என்ற வினை இறந்தவர் உடலுக்குத் தீ வைப்பதற்கு வழங்குவதால், குப்பையோடு அதைச் சேர்ப்பது செவிக்கு ஒவ்வவில்லை. அதோடு, தீயை ஊட்டுவது என்ற நேர்ப்பொருளில் அது பற்றவைக்கும் பொறிக்கே பொருந்துகிறது. எரிப்பானில் வரும் இடர் இன்னும் வெளிப்படை. உலையின் இரு அறைகளிலும் எரிபொருளைச் சுடராக்கும் எரிப்பான்கள் தனியே இருக்கின்றன. முழுக்கருவியையும் அதே பெயரால் அழைத்தால், எரிப்பானின் இரண்டாம் எரிப்பானை முதலில் இயக்குக என்று கையேட்டில் எழுத வேண்டிவரும்.

எரியுலை என்பதையே நான் ஏற்கிறேன். கொல்லனின் உலை, ஊதுலை, அணு உலை என எங்கும் உலை என்றால் வெப்பத்தை அடைத்துவைத்து ஆளும் இடம். சோற்றுக்கு வைக்கும் உலை நீர் நிறைந்த பானையாயினும், அதிலும் அடைப்பும் கொதிப்பும் உண்டு. திறந்த தீக்கும் இந்தக் கருவிக்கும் உள்ள வேறுபாடு அந்த அடைப்பில்தான் இருப்பதால், அதைக் காட்டும் சொல்லே கருவிக்குப் பொருந்தும். மற்ற உலைகள் பெரும்பாலானவற்றில் எரிபொருள் வேறு, சூடாக்கும் பொருள் வேறு. இங்கே உள்ளிடும் பொருளே எரிபொருள் என்பதை முன்னிற்கும் எரி உணர்த்துகிறது. எரியும் உலை என்று வினைத்தொகையாகக் கொண்டால் உலையே எரிவதாகப் பொருள்படுமே என்று கேட்கலாம். எரி என்பது நெருப்பைக் குறிக்கும் பழைய பெயர்ச்சொல்லும் ஆதலால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. செய்திகளில் எரிஉலை என்று பிரித்து எழுதுவதைவிட, இகரத்தின் பின் யகர உடம்படுமெய் தந்து எரியுலை என எழுதுவதே முறை. குப்பை எரியுலை, மருத்துவக் கழிவு எரியுலை, கசடு எரியுலை என்று அடைமொழி சேர்ப்பதும் எளிது. வீட்டுப் பீப்பாய்க்கும் ஒற்றை அறைப் பெட்டிக்கும் இப்பெயரை நீட்டுவது தகாது. அவற்றுக்கு எரிதொட்டி போதும்.

காற்றே இல்லாமல் குப்பையைச் சூடாக்கிச் சிதைக்கும் கலனையும், அரைகுறைக் காற்றில் வளியாக்கும் கலனையும் எரியுலை எனல் பொருந்துமா என்ற கேள்வி அடுத்து எழும். கிடைக்கும் எண்ணெயையோ வளியையோ எடுத்து வேறிடத்துக்கு அனுப்பினால் பொருந்தாது. அவை சிதைகலன், வளியாக்கி என்றே நிற்கட்டும். அந்த வளியை உடனே பக்கத்து அறையில் எரித்துவிடும் அமைப்பாயின், முழுத் தொகுதியையும் எரியுலை என்றே கொள்ள வேண்டும். ஐரோப்பிய விதியும் அத்தகைய ஆலைகளை அந்த வகையிலேயே சேர்க்கிறது.